அக்காவின் இடக்கையும் என் வலக்கையும்: வெள்ளவத்தைப் புனர்வாழ்வு நிலையமொன்றில் ஏழு மாதங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் தனியார் நரம்பியல் புனர்வாழ்வு நிலையத்துக்குக் கடந்த மே மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நானும் என் அக்காவும் போய் வருகிறோம். நிலையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. அவை அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல. அக்காவுக்குப் பெப்ரவரியில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. எனக்கு ஏப்ரல் முதல் வாரத்தில், குளியலறை யன்னலின் லூவர் கண்ணாடியொன்றைக் கழற்றித் துடைக்கப் போனபோது அது கையிலேயே உடைந்து, வலது மணிக்கட்டில் சின்னவிரல் பக்கமாக ஓடும் நரம்பை அறுத்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கைகள் செயலிழந்ததைக் கண்ணூறு என்றே அயலவர்கள் முடிவு கட்டினார்கள். வைத்தியத்தைப் பொறுத்தவரை அவை ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு காயங்கள். அந்த வேறுபாட்டை இந்த நிலையம் எங்கே விளங்கி நடந்தது, எங்கே விளங்காமல் நடந்தது என்பதே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்தூக்கி உண்டு, ஆனால் மின்தூக்கியை அடைவதற்கு முன் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. நடக்க முடியாதவர்களை நம்பி நடக்கும் ஒரு நிலையம் அந்தப் படிகளுக்கு ஒரு சரிவுப் பாதை போடாமல் இத்தனை காலம் இருந்திருப்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு அமர்வுக்கு 3,500 ரூபாய். பத்து அமர்வுகளுக்கு முற்பணம் கட்டினால் சிறிது கழிவு தருகிறார்கள். அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவம் இலவசம் என்பதையும், ராகமையில் இதற்கென்றே அரச புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்று இருப்பதையும் வாசிப்பவர்கள் முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா பொல்லூன்றி நடக்கத் தொடங்கியது அரச வைத்தியசாலையிலேதான். என் நரம்பை அதே இரவில் உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் தைத்ததும் அரச வைத்தியசாலை சத்திரசிகிச்சை நிபுணர்தான். தனியார் நிலையத்துக்குப் போனது கைகளுக்காகவும், வீட்டிலிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிடத் தூரம் என்பதற்காகவும்.

முதல் நாள் எங்கள் இருவருக்கும் ஒரே சீட்டு எழுதப்பட்டது: இருபது நிமிடம் மின்தூண்டல், பத்து நிமிடம் சூடான மெழுகு, பதினைந்து நிமிடம் பயிற்சி. அக்காவை ஒரு கட்டிலிலும் என்னைப் பக்கத்துக் கட்டிலிலும் இருத்தி, ஒரே வகைப் பெட்டியிலிருந்து வயர்களை இழுத்து ஒட்டினார்கள். அக்காவின் முன்கையின் புறப்பக்கத்தில் பட்டைகளை ஒட்டி மின்சாரத்தை ஏற்றியபோது, மூன்று மாதமாகச் சுருண்டு கிடந்த விரல்கள் மெல்ல விரிந்தன. அக்கா அதைப் பார்த்து அழுதுவிட்டார். என் உள்ளங்கையில் ஒன்றும் அசையவில்லை. உதவியாளர் குமிழை இன்னும் திருப்பினார். தோல் எரிந்தது, தசை அசையவில்லை. "உங்களுக்கு ஷொக் பிடிக்காத உடம்பு போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பில் ஒரு குறையும் இல்லை. அக்காவின் காயம் மூளையின் வலப்பக்கத்தில். அங்கிருந்து கட்டளை கீழே வரவில்லையே தவிர, முண்ணாணிலிருந்து விரல்வரை செல்லும் நரம்பு முழுசாக இருக்கிறது. பெட்டியிலிருந்து வரும் குறுகிய மின்துடிப்பு உயிருள்ள அந்த நரம்பைத்தான் தூண்டுகிறது; நரம்பு தசையை இழுக்கிறது. என் கையிலோ தசைக்குப் போகும் நரம்பே இல்லை. நரம்பை இழந்த தசையை நேரடியாகத் தூண்டுவதற்குப் பல மடங்கு நீண்ட துடிப்பு வேண்டும். அந்தப் பெட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்டி பொய் சொல்லவில்லை. அது காட்டிய செய்தியை வாசிக்க அந்த அறையில் ஆளில்லை என்பதே குறை.

கைநரம்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விடயம். லண்டனில் ஒகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அறுத்து, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி முழுவதும் சிதைந்து போவதைக் காட்டினார். நரம்பென்று நாம் சொல்வது பல்லாயிரம் மெல்லிய இழைகளைக் கொண்ட ஒரு கட்டு. அக்சன் எனப்படும் அந்த இழைகளின் தாய்க்கலங்கள் கழுத்தின் அடிப்பகுதியில், முண்ணாணிலும் அதை ஒட்டியும் இருக்கின்றன. மணிக்கட்டில் கண்ணாடி அறுத்தாலும் தாய்க்கலம் பெரும்பாலும் சாவதில்லை. வெட்டுக்கு அப்பாலுள்ள இழை அழிகிறது. அந்தக் கழிவை அகற்றிய பின், இழையைச் சுற்றிப் போர்த்தியிருந்த சுவான் கலங்கள் வரிசையாக நின்று வெறும் குழாய்கள் போல ஒரு வழியை விட்டு வைக்கின்றன. மேலிருந்து புதிய முளை அந்த வழியே கீழிறங்குகிறது. வேகம், நல்ல நிலையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஓராண்டு, ஒன்றரையாண்டு கடந்தும் நரம்பு வந்து சேராவிட்டால் தசை மீட்க முடியாதபடி நலிந்துவிடும். வருகிற முளையும் பழைய வீட்டுக்கே திரும்பும் என்ற உறுதி இல்லை; மோதிரவிரலுக்குரியது சின்னவிரலின் வழியில் இறங்கிவிடலாம்.

மூளையிலும் முண்ணாணிலும் கதை வேறு. அங்கே இழைகளைப் போர்த்தும் மயலின் என்ற கொழுப்புறையைத் தரும் கலங்கள் சுவான் கலங்கள் அல்ல. அந்த உறையில் நோகோ-ஏ போன்று வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன, காயத்தைச் சுற்றித் தழும்பும் எழும்புகிறது. குறை இழைகளில் இல்லை, அவை இருக்கும் சூழலில்தான் பெரும்பகுதி இருக்கிறது என்பதை 1981இல் மொன்றியலில் டேவிட், அகுவாயோ ஆகிய இருவரும் காட்டினார்கள்: எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து மூளைத்தண்டுக்கும் முண்ணாணுக்கும் இடையே பாலம்போல வைத்தபோது, வளராது என்று கருதப்பட்ட மைய நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் நீளமாக வளர்ந்து சென்றன. ஆனால் அது இன்னும் அக்காவின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை. அக்காவின் மூளையில் இறந்த கலங்கள் இறந்தவைதான். அவர் மீள்வது, எஞ்சியிருக்கும் அயற்பகுதிகள் புதிய கிளைகளை விட்டு, பழைய இணைப்புகளை வலுப்படுத்தி, இழந்த வேலையில் ஒரு பங்கைத் தாம் ஏற்றுக்கொள்வதால். 1996இல் ரண்டோல்ஃப் நூடோவின் குழு குரங்குகளில் கண்டது இதுதான்: கைக்குரிய மூளைப்பகுதியில் சிறு காயமுண்டாக்கிவிட்டு அந்தக் கையால் சிறு குழிகளிலிருந்து உணவை எடுக்கப் பழக்கியபோது, அயலில் எஞ்சியிருந்த கைப்பகுதி காப்பாற்றப்பட்டது, பழக்காத குரங்குகளில் காயப்படாத பகுதியிலும் கைக்குரிய இடம் சுருங்கிப் போயிருந்தது.

ஆகவே எனக்கு வேண்டியது காத்திருப்பும் காவலும்: மூட்டுகள் இறுகாமல், உணர்வற்ற தோல் காயப்படாமல், நரம்பு வந்து சேரும்வரை கையைப் பேணுவது. அக்காவுக்கு வேண்டியது வேலை, அதுவும் நூற்றுக்கணக்கில். இருவருக்கும் ஒரே சீட்டு எழுதியவர் இதில் எதையும் யோசிக்கவில்லை.

நான்காவது அமர்வில் அது வெளிச்சமாயிற்று. மெழுகுத் தொட்டியில் கையை விடச் சொன்னார்கள். சின்னவிரலில் உணர்வு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லத் தெரியாமல் விட்டேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் அது இதமான சூடு. வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கியபோதுதான் சின்னவிரலின் ஓரத்தில் பெரிய கொப்புளம் ஒன்றைக் கண்டேன். வலிக்கவே இல்லை. உணர்விழந்த தோலுக்குச் சூடு வைக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முறையிட்டபோது முகாமையாளர் மன்னிப்புக் கேட்டார், அந்த அமர்வுக்குரிய பணத்தையும் கழித்தார். ஆனால் தொட்டியின் மேலே இன்றுவரை ஓர் எச்சரிக்கைத் தாள்கூட ஒட்டப்படவில்லை.

அத்தோடு நின்றுவிட நினைத்தோம். நிற்காததற்குக் காரணம், செவ்வாயும் வியாழனும் மட்டும் வரும் ஒரு பெண். தொழில்வழிச் சிகிச்சையாளர், மட்டக்களப்புத் தமிழ், முப்பது வயதுக்குள் இருக்கும். கொப்புளத்தைப் பார்த்தவர் எங்கள் சீட்டுகளை எடுத்து, என்னுடையதில் மின்சாரத்தையும் மெழுகையும் வெட்டினார். அக்காவுடையதில் மின்சாரத்தை விட்டுவைத்து, "ஷொக் வாற நேரம் அன்ரியும் சேர்ந்து விரலை விரிக்கப் பாக்கோணும், சும்மா பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது" என்றார். பிறகு மேசைக்கு ஒரு கிண்ணம் புளியங்கொட்டை வந்தது.

அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. அக்கா ஒரு மரக்கட்டையை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இடக்கையால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும், நான் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்திலிருந்து டப்பாவுக்கு மாற்ற வேண்டும். முன்னைய உதவியாளரின் பதினைந்து நிமிடப் பயிற்சியை அதற்கு முன் நானே ஒருநாள் எண்ணியிருந்தேன்: 28 அசைவுகள், அவற்றிலும் பாதி அவர் பிடித்து அசைத்தவை. இது வெள்ளவத்தைக்கு மட்டும் உரிய குறையல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் பாரிசவாத நோயாளரின் சிகிச்சை அமர்வுகளை உட்கார்ந்து எண்ணி 2009இல் வெளியான ஆய்வொன்றில், ஓர் அமர்வில் கையால் செய்யப்பட்ட பயனுள்ள செயல்கள் சராசரியாக 32 மட்டுமே. மூளை மாற்றத்தைக் காட்டிய விலங்குப் பரிசோதனைகளிலோ நாளுக்குப் பல நூறு. அந்தப் பெண்ணின் முதல் மணித்தியாலத்தில் 110 கொட்டைகள் மாறின. செப்டெம்பர் முடிவில் 300ஐத் தாண்டியது. இடையில் அக்கா சலித்துக்கொண்டார், திட்டினார், ஒருநாள் கட்டையைத் தூக்கி எறிந்தார். எறிந்தது இடக்கையால் என்பதால் அதற்கும் ஒரு கொட்டை போட்டோம்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தவர் அவர்தான். வீட்டில் அக்கா சாப்பிடும்போது கோப்பையின் இடப்பாதிச் சோறு அப்படியே மிஞ்சுவதைப் பார்த்து, பசியில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஒரு தாளில் சிதறலாகக் கோடுகள் போட்டு எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார்; அக்கா வலப்பக்கத்துக் கோடுகளை மட்டும் வெட்டிவிட்டு முடிந்தது என்று தாளை நீட்டினார். கண்ணில் குறையில்லை, வலப்பக்க மூளை காயப்பட்டால் இடப்பக்க உலகத்தைக் கவனிக்கும் ஆற்றலே பலருக்குக் குன்றிவிடுகிறது. அன்றிலிருந்து சோற்றுக் கோப்பையின் இட ஓரத்தில் ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம். சிவப்பைத் தேடிப் பிடித்த பிறகே அக்கா சாப்பிடத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் அலைந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஓகஸ்டில், அக்காவால் மணிக்கட்டைச் சிறிது நிமிர்த்தவும் விரல்களைக் கொஞ்சம் விரிக்கவும் முடிந்த பிறகு, நல்ல கையைக் கட்டிவைக்கும் சிகிச்சையை அந்தப் பெண் தொடங்கினார். காயப்பட்ட கையைப் பாவிக்காமலே பழகிவிடுவது ஒரு தனி நோய் என்பதைக் குரங்குகளில் கண்டறிந்த எட்வர்ட் டௌப் உருவாக்கிய முறை இது. பாரிசவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2006இல் வெளியான பரிசோதனையில், இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. அக்காவுக்கு வலக்கையில் அடுப்புக் கையுறை மாட்டினோம். படியிறங்கும்போதும், சுடுநீருக்குக் கிட்டவும், பொல்லூன்றும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் வீடு ஒரு போர்க்களம். பாண் துண்டுக்கு பட்டர் பூச இருபது நிமிடம் ஆயிற்று. பத்தாம் நாள், தொலைபேசி அடித்தபோது அக்கா யோசிக்காமலே இடக்கையை நீட்டினார். எடுத்துப் பேசுவதற்குள் மணி நின்றுவிட்டது.

கண்ணாடிச் சிகிச்சைக்கு நிலையத்தில் ஒரு தனி அறையே உண்டு, விளம்பரத் தாளில் அதற்குப் பெரிய படமும் உண்டு. உள்ளே இருப்பது மரக்கால் வைத்த சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி. இடக்கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க, வலக்கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் வைத்தியம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் துண்டிக்கப்பட்ட கைகால்களில் தோன்றும் மாய வலிக்காகக் கையாண்ட உத்தி, பின்னர் பாரிசவாதத்துக்கும் வந்து ஓரளவு பலன் தருவதாகக் கண்டறியப்பட்டது. பலன் உண்டென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அறைக்கென்று தனிக் கட்டணம் வாங்குவதில்தான் சந்தேகம். புறக்கோட்டையில் ஒரு கண்ணாடித் துண்டை வாங்கி விளிம்புக்கு நாடா ஒட்டி வீட்டிலேயே செய்துகொண்டோம்.

வரவேற்பு மேசையில் "நரம்புச் சத்து" மாத்திரைப் பெட்டிகளையும் விற்கிறார்கள். பெரும்பாலும் பி வகை விற்றமின்கள். இரத்தத்தில் பி12 குறைந்தவர்களுக்கு அது மருந்துதான். குறையாதவர்களின் அறுந்த நரம்பை அது ஒட்டவைக்காது. பி6ஐ நீண்ட காலம் அதிக அளவில் விழுங்கினால் உணர்வு நரம்புகளே கெடும் என்பதால், வைத்தியரைக் கேளாமல் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

காத்திருக்கும் கதிரைகளில் எங்களோடு அடிக்கடி இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பார்க்கின்சன் நோய். அவருடைய நோயில் அசைவை ஒழுங்குபடுத்த உதவும் டோபமீன் என்ற இரசாயனத்தை மூளையில் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகின்றன. இழந்தவற்றை உடல் திரும்ப உண்டாக்குவதில்லை, மருந்து அந்தக் குறையை ஈடுசெய்கிறதே தவிர நோயை நிறுத்துவதில்லை. நிலையம் இவருக்கு நன்றாகவே செய்கிறது. நடைக்கூடத்துத் தரையில் ஓரடிக்கு ஒன்றாக மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறார்கள். கதவடியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுபவர், நாடாவைக் கண்டதும் அதைத் தாண்டி அடியெடுத்து வைத்து ஒரே சீராக நடக்கிறார். தானாக நடக்க வைக்கும் உள்ளொழுங்கு பழுதாகிவிட்டபோது, கண்ணால் பார்த்து நடக்கும் வேறு பாதை அவருக்கு உதவுகிறது. செலவு, ஒரு சுருள் நாடா.

என் கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதத்தின் முதல் செவ்வாய்தோறும் அந்தப் பெண் மணிக்கட்டுத் தழும்பிலிருந்து சின்னவிரலை நோக்கி விரல்நுனியால் தட்டிக்கொண்டே போவார். எந்த இடத்தில் தட்டும்போது சின்னவிரலுக்குள் மின்னல் ஓடுகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு. முளைவிட்டு வரும் இழையின் நுனி அவ்விடத்தில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. 1915இல் பிரான்சில் டினெல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. பள்ளிக்கூட அடிமட்டத்தால் நான் அளந்து கொப்பியில் எழுதி வருகிறேன். புத்தகக் கணக்குப்படி மாதம் மூன்று சென்ரிமீற்றர் வந்திருக்க வேண்டும். என் வயதுக்கு இரண்டுதான் வந்தது. டிசெம்பர்க் கோடு சின்னவிரலின் கடைசி மடிப்பில் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சின்னவிரலைத் தொட்டால் சில வேளை மோதிரவிரல் என்கிறேன். அரிசிக்குள் பயறும் பொத்தானும் புதைத்துவைத்துத் தேடி எடுக்கும் பயிற்சி அதற்காக நடக்கிறது. பஸ் சீட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தட்டையாகப் பிடிக்க இன்னும் முடியவில்லை, பெருவிரல் மடங்கிவிடுகிறது. சாவியைத் திருப்ப முடிகிறது.

இந்த நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: செவ்வாயும் வியாழனும் போங்கள், பத்து அமர்வுக்கு ஒரேயடியாகப் பணம் கட்டாதீர்கள், உணர்வற்ற இடம் எது என்பதை நுழைந்தவுடனே நீங்களாகச் சொல்லுங்கள், ஒரு அமர்வில் எத்தனை தடவை நோயாளி தானாக அசைத்தார் என்பதை எண்ணுங்கள். எங்களுக்கு மிஞ்சியிருந்த மூன்று மின்தூண்டல் அமர்வுகளைப் புளியங்கொட்டை மேசைக்கு மாற்றித் தரும்படி முகாமையாளரிடம் கேட்டேன். கணினியில் அப்படியொரு தலைப்பு இல்லை என்று சிறிது தயங்கிவிட்டுச் சம்மதித்தார். பற்றுச்சீட்டில் மட்டும் இன்னும் "மெஷின்" என்றே அடித்து வருகிறது.